ஏழில் ஆறு பங்கு

ஜன்னலை வேண்டுமானால் மூடிக்கொள்ளுங்கள் சார், எனக்கு ஒன்றும் இல்லை. நான் காற்றுக்காக இங்கே வந்து உட்காரவில்லை. பின்னால் மூன்று சீட் காலியாகத்தான் இருக்கிறது. உங்கள் சட்டைப் பையில் இரண்டு பேனா தெரிந்தது. இந்தக் காலத்தில் இரண்டு பேனா வைத்திருக்கிறவர் எழுத்து வேலை பார்க்கிறவராகத்தான் இருக்க வேண்டும் என்று உட்கார்ந்தேன். செஞ்சி தாண்டுகிறவரைக்கும் கேட்கலாமா வேண்டாமா என்று ஒரே யோசனை. இப்போது கேட்டுவிடுகிறேன்.

ஒரு மனு வைத்திருக்கிறேன். நாலு பக்கம். சென்னையில் மெடிக்கல் சீட்டுக்கு லிஸ்ட் போடுகிற ஆபீசில் கொடுக்க வேண்டும். நீங்கள் ஒரு தடவை படித்து, எங்கேயாவது மரியாதைக் குறைவாக இருக்கிறதா என்று மட்டும் சொன்னால் போதும். எழுத்துப் பிழை இருக்காது, அதை நானே பார்த்துவிட்டேன். மரியாதைதான் சந்தேகம். கோபத்தில் எழுதினது.

இருங்கள், இருங்கள், உடனே பிரிக்காதீர்கள். விஷயம் தெரியாமல் படித்தால் இரண்டாம் பக்கத்தில் 'ஏழில் ஆறு பங்கு' என்று வருகிறதே, ஏதோ சொத்துத் தகராறு என்று நினைத்துவிடுவீர்கள். சொத்து இல்லை. படிப்பு.

என் பெயர் ஏகாம்பரம். எங்கள் ஊர் பெரிய ஆஸ்பத்திரியில் லிஃப்ட் ஆபரேட்டர். காண்ட்ராக்ட்தான். ராத்திரி டூட்டி, இருபத்தோரு வருஷம். இருபத்தோரு வருஷமாக மேலே போய்க்கொண்டே இருக்கிறேன் சார், ஐந்தாவது மாடியைத் தாண்டவில்லை. சிரிக்கலாம், நானே சிரிப்பதுதான்.

நான் பத்தாவது ஃபெயில். ஆனால் என்னோடு பேசுகிறவர்கள் நம்ப மாட்டார்கள். புத்தகத் தமிழில் பேசுகிறானே என்பார்கள். ஒரு மணிக்கு மேல் லிஃப்டில் கூட்டம் இருக்காது. ஸ்டூலில் உட்கார்ந்து எதையாவது படிப்பேன். நோயாளியைப் பார்க்க வருகிறவர்கள் விட்டுப்போகிற பேப்பர், வாரப் பத்திரிகை, பரீட்சை முடிந்து ஹவுஸ் சர்ஜன்கள் எடைக்குப் போடுகிற புத்தகம், எல்லாம். அனாட்டமிப் படங்களைப் பார்த்தே கை எலும்பு இருபத்தேழுக்கும் பெயர் சொல்வேன். சொல்லி என்ன, கேட்க ஆள் இல்லை.

கேட்க ஒரு ஆள் கிடைத்தாள். அதுதான் கதை.

அஞ்சலை என்று ஒரு பெண், எங்கள் தெரு. என்னோடு அதே ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை. புருஷன் பெங்களூரில் கட்டட சென்ட்ரிங் வேலைக்குப் போய், கார்த்திகைத் தீபத்துக்குத் தீபம் தலைகாட்டுகிற ஆள். அவளுக்கு ஒரே மகள், யுவராணி. ஆறாம் வகுப்பு படிக்கும்போது ஒரு நாள் காலை ஆறு மணிக்கு வீட்டுச் சாவி வாங்க அம்மாவைத் தேடி வந்தாள். மூன்றாவது மாடி என்று லிஃப்டில் ஏற்றினேன். லிஃப்டுக்குள் தகடு அடித்திருப்பார்கள், பார்த்திருப்பீர்கள், பதின்மூன்று நபர்கள், எண்ணூற்று எண்பத்து நான்கு கிலோ என்று. இந்தப் பெண் அதையே பார்க்கிறாள். பார்த்துவிட்டுச் சொல்கிறாள்:

"ஒரு ஆளுக்கு அறுபத்தெட்டு கிலோ போட்டிருக்காங்க. எங்கம்மா நாப்பத்திரண்டுதான். எங்கம்மா மாதிரின்னா இருபத்தோரு பேர் ஏறலாம் மாமா. ரெண்டு கிலோ மிச்சம்."

மூன்றாவது மாடி வருவதற்குள் சொல்லிவிட்டாள் சார். அந்தத் தகட்டை நான் அதுவரை எத்தனை ஆயிரம் தடவை பார்த்திருப்பேன், வகுத்துப் பார்க்க வேண்டும் என்று தோன்றியதே இல்லை. அவள் போனதும் பேப்பரில் போட்டுப் பார்த்தேன். சரியாக இருந்தது. அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. இது டாக்டர் மூளை.

அன்றிலிருந்து என் வேலை அதுதான். ஏழு மணிக்கு டூட்டி முடியும். ஏழே காலிலிருந்து எட்டே கால் வரை அவள் என் வீட்டில் படிப்பாள். நோட்டுக்குக் குறைவில்லை. மருந்துக் கம்பெனி ஆட்கள் டாக்டர்களுக்குச் சின்னச் சின்ன பேடாகக் கொடுத்துவிட்டுப் போவார்கள், டாக்டர்கள் அதைத் தொடுவதில்லை, நான் சேர்த்துக்கொண்டு வருவேன். யுவா போட்ட கணக்கெல்லாம் வாயு மாத்திரை விளம்பரத்துக்குக் கீழேதான். "மாமா, இந்தக் கணக்கைப் பார்த்தாலே ஏப்பம் வருது" என்பாள். வாய் அதிகம்.

நான் அவளுக்கு வாத்தியார் இல்லை சார். அப்படிச் சொல்லிக்கொண்டால் வாய் வெந்துபோகும். நான் ஒரு பாடம் முன்னால் போகிறவன், அவ்வளவுதான். ராத்திரி நான் படித்ததைக் காலையில் அவளிடம் சொல்வேன். ஏழாவது, எட்டாவது எல்லாம் அவளோடு நானும் பாஸ் செய்தேன். கணக்கில் மட்டும் எட்டாவதிலேயே என்னைத் தாண்டிவிட்டாள். நான் இரண்டு நாள் திணறுகிற கணக்கை, பல் தேய்த்துக்கொண்டே போடுவாள். அதனால் கணக்கைக் குறைத்து சயின்ஸை அதிகமாக்கினேன். தெரிந்ததையே எத்தனை நேரம் போட்டுக்கொண்டிருப்பது?

எனக்கு ஒரு மகன் உண்டு. ஒன்பதாவதோடு நின்றுவிட்டான். மொபைல் கடையில் கண்ணாடி ஒட்டுகிறான். அவனையும் இப்படித்தான் உட்காரவைத்தேன். அவன் பேச்சு இங்கே வேண்டாம்.

இப்போது அந்த ஒன்பதாம் வகுப்புக்கு வருகிறேன். மனுவில் மூன்றாவது பத்தி.

எங்கள் ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர், எலும்புப் பிரிவு. பெரிய கை. ஒரு நாள் லிஃப்டில் நானும் அவரும் மட்டும். நான் படித்துக்கொண்டிருந்த புத்தகத்தைப் பார்த்து, "என்னப்பா ஒன்பதாங் கிளாஸ் புத்தகம், பையனுக்கா?" என்றார். நான் யுவாவைப் பற்றிச் சொன்னேன். இருபத்தோரு வருஷத்தில் ஒரு டாக்டர் என்னிடம் மாடி எண் தவிர வேறு எதுவும் பேசியதில்லை சார். அவர் சொன்னார், டவுனில் இருக்கிற அந்தப் பழைய பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிடு, நான் அங்கே படித்தவன்தான், கடிதம் தருகிறேன், இங்கிலீஷ் மீடியம், ஒழுங்கு இருக்கும், டாக்டராக வேண்டும் என்றால் அஸ்திவாரம் அங்கே போட வேண்டும் என்று. கடிதமும் கொடுத்தார். இன்னும் என்னிடம் இருக்கிறது, ஜெராக்ஸ் இணைத்திருக்கிறேன்.

ஆறிலிருந்து எட்டு வரை அவள் படித்தது எங்கள் தெருமுனை அரசுப் பள்ளிக்கூடம். ஹெச்.எம்., எஸ்தர் டீச்சர். கணக்கு டீச்சரும் அவர்தான். டி.சி. கேட்கப் போனேன். உட்காரச் சொன்னார், நல்ல மாதிரிதான்.

"ஏகாம்பரம், யோசிச்சுக்கங்க" என்றார். "ஆறுல இருந்து பன்னெண்டு வரைக்கும் கவர்மென்ட் ஸ்கூல்லயே படிச்சாதான், மெடிக்கல்ல அந்த ஏழரை சதவீத ஒதுக்கீடு. நடுவுல வெளிய போனா கிடைக்காது."

"அதுவும் கவர்மென்ட்தானே டீச்சர்?"

"அது எயிடட். பணம்தான் கவர்மென்ட், நடத்துறது தனியார். கணக்குல வராது."

நான் சொன்னேன், "ஏழரைன்னாலே எங்க குடும்பத்துக்கு ஆகாது டீச்சர். எனக்கு ஒரு தடவை சனி பிடிச்சு விட்டதே போதும்." ஆபீசில் இருந்த கிளார்க்கெல்லாம் சிரித்துவிட்டார்கள். டீச்சரும் சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டேதான் டி.சி.யில் கையெழுத்துப் போட்டார்.

நான் கேட்கிறேன், அவ்வளவு முக்கியமான விஷயத்தைச் சிரித்துக்கொண்டா சொல்வார்கள்? மேஜையைத் தட்டிச் சொல்லியிருக்க வேண்டாமா? நான் என்ன நினைத்தேன் தெரியுமா? பள்ளிக்கூடத்துக்கு நல்ல மார்க் எடுத்துத் தருகிற ஒரே பிள்ளை போய்விடுமே, ரிசல்ட் போய்விடுமே என்று தடுக்கிறார் என்று நினைத்தேன். நீங்களாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பீர்கள். இல்லையா? நினைத்திருப்பீர்கள்.

அதோடு சார், அந்த டவுன் பள்ளிக்கூடத்தில் நான் சும்மா சேர்க்கவில்லை, போய் விசாரித்தேன். வாத்தியார் சம்பளம் யார்? சர்க்கார். பாடப் புத்தகம்? சர்க்கார். மதியச் சோற்றில் முட்டை? அதுவும் சர்க்கார். பதினொன்றாவதில் சைக்கிள் கொடுப்பார்களா என்று கேட்டேன், கொடுப்போம் என்றார்கள், எங்கள் தெருமுனைப் பள்ளிக்கூடத்தில் கொடுக்கிற அதே சைக்கிள். சம்பளம் சர்க்கார், புத்தகம் சர்க்கார், முட்டை சர்க்கார், சைக்கிள் சர்க்கார். பள்ளிக்கூடம் மட்டும் சர்க்கார் இல்லை என்றால் எந்த மனுஷன் நம்புவான்?

சேர்த்தேன். யுவாவிடம் கேட்டீர்களா என்கிறீர்களா? சொன்னேன். "ஒரு வருஷம் போய்ப் பாரு, பிடிக்கலைன்னா பார்த்துக்கலாம்" என்றேன். "சரி மாமா" என்றாள்.

அந்த வருஷம் சரியாக வரவில்லை. இரண்டு பஸ் மாற வேண்டும். அங்கே பிள்ளைகள் எல்லாம் எல்.கே.ஜி.யிலிருந்து இங்கிலீஷ். இவள் வாயைத் திறக்கவே மாட்டேன் என்றாள். நோட்டு எடுத்துப் பார்த்தால் அட்டையில் அம்மா வேலை என்ன என்று யாரோ எழுதியிருந்தார்கள். பெயிண்டில். வாய் அதிகம் என்றேனே, அந்த வாய் ஒரு வருஷம் மூடிக்கொண்டது. காலையில் வந்து உட்காருவாள், எழுதுவாள், போவாள். நான் நல்லது என்று நினைத்தேன். கவனம் வந்துவிட்டது என்று நினைத்தேன். முழுப் பரீட்சையில் முப்பத்தோராவது ரேங்க்.

லீவில் ஒரு நாள் சொன்னாள், "மாமா, நான் பழைய ஸ்கூலுக்கே போறேன்."

"ஏம்மா?"

"அங்க எஸ்தர் டீச்சர் கணக்கு எடுப்பாங்க."

இதெல்லாம் ஒரு காரணமா? ஆனால் அஞ்சலை என் வீட்டு வாசலில் வந்து நின்று, "அண்ணா, புள்ள சாப்பிடமாட்டேங்குது, விட்டுடுங்க" என்று அழுதாள். விட்டேன். எஸ்தர் டீச்சரிடம் மறுபடியும் போய் நின்றேன். அவர் ஒரு வார்த்தை பேசவில்லை சார். 'நான் சொன்னேனே' என்றுகூட இல்லை. ஃபாரத்தை வாங்கிக்கொண்டு, "பத்தாவது ஏ செக்‌ஷன், போம்மா" என்றார். அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம். அப்போதாவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எங்கேயாவது ஓடி எதையாவது செய்திருப்பேன்.

என்ன செய்திருப்பேன் என்று கேட்காதீர்கள்.

பத்தாவது நல்ல மார்க். பதினொன்றில் அவள் கம்ப்யூட்டர் குரூப் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள். நான் போய் மாற்றினேன். பயாலஜி இல்லாமல் டாக்டர் எப்படி? "சரி மாமா, ஆனா கணக்கும் இருக்கணும்" என்றாள். அந்த ஒன்றில் மட்டும் பிடிவாதம். சரி, இரண்டும் இருக்கிற குரூப்பாகப் போட்டோம். சனிக்கிழமை பள்ளிக்கூடத்தில் நீட் வகுப்பு, இலவசம்தான். எழுதினாள். எங்கள் தெருவில் நீட் எழுதின முதல் ஆள். வந்த மார்க், பொதுப் பட்டியலில் வாசலுக்குக்கூட வராது. ஆனால் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் பட்டியலில் கடைசி வரிசையிலாவது ஏதோ ஒரு காலேஜில் உள்ளே போய்விடும். இதை நான் சும்மா சொல்லவில்லை. அவள் கிளாசில் ஒரு பையன், அவளைவிட இருபது மார்க் குறைவு. அதே பள்ளிக்கூடம், அதே டீச்சர். அவனுக்குப் போன வாரம் அழைப்பு வந்துவிட்டது. வியாழக்கிழமை கலந்தாய்வு. இன்றைக்குச் செவ்வாய். நான் ஏன் தூங்காமல் டூட்டி முடிந்த கையோடு பஸ் ஏறினேன் என்று இப்போது புரிகிறதா?

அழைப்புக்கு முன்னால் ஒரு சான்றிதழ் வேண்டும். ஆறிலிருந்து பன்னிரண்டு வரை ஏழு வருஷமும் அரசுப் பள்ளியில் படித்தாள் என்று ஒவ்வொரு வருஷத்துக்கும் ஒரு கட்டம் போட்ட ஃபாரம். கல்வி ஆபீசில் கையெழுத்து வாங்க வேண்டும். நானும் யுவாவும் போனோம். அங்கே ஒரு சூப்பிரண்டு. கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு, விரலால் ஒவ்வொரு கட்டமாக இறங்கினார். ஆறு, ஏழு, எட்டு. ஒன்பதில் விரல் நின்றுவிட்டது சார். நின்றது நின்றதுதான்.

"ஐயா, இது எயிடட்."

நான் ஆரம்பித்தேன். சம்பளம் சர்க்கார், புத்தகம் சர்க்கார், முட்டை சர்க்கார், சைக்கிள் சர்க்கார். முழுசாகக் கேட்டார். நல்ல மனுஷன், அதைச் சொல்ல வேண்டும்.

"நீங்க சொல்றது நியாயம்தாங்க" என்றார். "ஆனா என் கையில என்ன இருக்கு? நான் கையெழுத்துப் போட்டா என் வேலை போகும், பொண்ணு சீட்டும் போகும்."

"ஒரே வருஷம் சார்."

"ஒரு நாள்னாலும் அதேதாங்க."

திட்டியிருந்தால் சண்டை போட்டிருக்கலாம். அதிகாரம் செய்திருந்தால் நாலு பேரைக் கூப்பிட்டிருக்கலாம். நியாயம்தான் என்று சொல்லிவிட்டு ஃபாரத்தைத் திருப்பிக் கொடுக்கிற ஆளை என்ன செய்வது?

வெளியே வந்தோம். அவள் சொல்கிறாள், "மாமா, பசிக்குது." எதிரே பரோட்டா கடை. இரண்டு பரோட்டா சாப்பிட்டாள், சால்னா இரண்டு தடவை கேட்டு வாங்கினாள். எனக்கு ஒன்றும் வேண்டாம் என்றுவிட்டேன். ஏழு வருஷத்து வாழ்க்கை போயிருக்கிறது, இந்தப் பெண் சால்னா கேட்கிறாளே என்று பார்த்துக்கொண்டிருந்தேன். வயசு அப்படி, அதன் அருமை தெரியவில்லை.

அப்புறம்தான் எனக்கு இந்த யோசனை வந்தது. ஏழு வருஷம் கேட்கிறார்கள். ஆறு வருஷம் அவள் படித்திருக்கிறாள். ஏழில் ஆறு. முழு உரிமை இல்லை, சரி, ஒப்புக்கொள்கிறேன். ஏழில் ஆறு பங்கு உரிமை உண்டா இல்லையா? முழுசாகப் படித்தவர்களுக்குக் கொடுத்த பிறகு, மிச்சம் ஏதாவது இருந்தால், கடைசிக்கும் கடைசியாக, ஏழில் ஆறு பங்கு படித்தவள் என்று இவளை ஒரு ஓரத்தில் நிறுத்தலாமே. இதைத்தான் இரண்டாம் பக்கத்தில் விளக்கியிருக்கிறேன். யுவாவிடம் படித்துக் காட்டினேன்.

"அப்ப சீட்டுலயும் ஏழுல ஆறு பங்குதான் குடுப்பாங்களா மாமா? ஒரு காலை மடக்கிக்கிட்டு உட்காரணும்" என்றாள்.

எதற்கெடுத்தாலும் கேலி. நான் சொன்னேன், இது நடக்கவில்லை என்றால் அடுத்த வருஷம் மறுபடியும் நீட் எழுது, பொதுப் பட்டியலிலேயே வருகிற மாதிரி மார்க் எடுத்துவிடலாம், நான் இருக்கிறேன், ஒரு வருஷம்தானே என்று.

"ஒன்பதாவது சேர்க்கும்போதும் அப்படித்தான் மாமா சொன்னீங்க."

அவள் சுருக்கென்று சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள். களைத்துப்போயிருக்கிறாள், ஒரு மாதம் விட்டால் சரியாகிவிடும் என்று விட்டுவிட்டேன். அதனால்தான் இன்றைக்கு நான் போவதைக்கூட அவளிடம் சொல்லவில்லை. நல்ல பதிலோடு போய் நின்றால் போதும்.

படிக்கிறீர்களா இப்போது? முதல் பக்கம் விட்டுவிடலாம், அது விலாசமும் வணக்கமும்தான்.

ஒரு நிமிஷம் சார். போன். அவள்தான்.

சொல்லும்மா... பஸ்ஸுல இருக்கேன்... ஒரு வேலையா... திண்டிவனம் தாண்டியாச்சு. ஏன்?... எந்த ஃபைல்?... உன் ஒரிஜினலா? என்கிட்டதான் இருக்கு, பையில. அத்தை எதுக்கு வீடெல்லாம் தேடறா?... எந்த காலேஜ்?... நீ எப்ப அப்ளை பண்ண?... யாரு, எஸ்தர் டீச்சரா? அவங்க அங்க என்ன பண்றாங்க?... குடு... டீச்சர், வணக்கம்... ஆமா டீச்சர்... தெரியாது டீச்சர், யாரும் சொல்லலை... எத்தனை மணிக்கு?... நாளைக்குக் கொண்டுவந்து குடுத்தா ஆகாதா?... சரி... சரிங்க டீச்சர்... அவகிட்ட குடுங்க... யுவா, நான் இங்க ஒரு முக்கியமான... கேக்குதா? முக்கியமான காரியமா மெட்ராஸ் போயிட்டிருக்கேன். உன் காரியம்தான்... ம்... ம்...

வைத்துவிட்டாள்.

கொஞ்சம் தண்ணீர் இருக்கிறதா சார்? நன்றி.

எங்கள் ஊர் அரசுக் கலைக் கல்லூரியில் இன்றைக்குக் காலியிடத்துக்குக் கலந்தாய்வாம். பி.எஸ்ஸி. கணக்கு. ஒரே ஒரு இடம் இருக்கிறதாம், இவள்தான் வரிசையில் முதலாம். பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். ஒரிஜினல் மார்க் ஷீட்டும் டி.சி.யும் கையில் இல்லை. எப்படி இருக்கும்? என் பெண்சாதி வீட்டையே கலைத்துத் தேடுகிறாளாம். அவர்கள் வீடு ஒழுகும் என்று எல்லாவற்றையும் நான்தானே என் வீட்டு பீரோவில் வைத்திருந்தேன். சென்னையில் ஒரிஜினல் கேட்டால் காட்ட வேண்டாமா என்று காலையில் எடுத்துப் பையில் வைத்துக்கொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை. அவளும் அப்ளை பண்ணினதை என்னிடம் சொல்லவில்லை. எஸ்தர் டீச்சர்தான் ஃபாரம் போட்டுக் கொடுத்திருக்கிறார். "சொன்னா வேணாம்பீங்க மாமா" என்கிறாள்.

நான் வேண்டாம் என்பேனா?

என்பேன். ஆமாம், சொல்லியிருப்பேன்.

டீச்சர் பிரின்சிபாலிடம் பேசி நாலு மணி வரைக்கும் நேரம் வாங்கியிருக்கிறாராம். அதற்குள் ஃபைல் போகவில்லை என்றால் அடுத்த பெயர். நாளைக்கு ஆகாதா என்று கேட்டேன். ஆகாது. அப்புறம் யுவாவிடம் உன் காரியமாகத்தான் போகிறேன் என்றேன். அழவில்லை சார் அவள். "சரி மாமா" என்றாள்.

ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்கு முன்னால் ஒரு ஃபாரம் நீட்டுவார்கள், எது நடந்தாலும் நாங்கள் பொறுப்பில்லை என்று. சொந்தக்காரர்கள் அதைப் படிக்க மாட்டார்கள். "சரிங்க" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போடுவார்கள். லிஃப்டில் நான் பார்க்காத முகமா? அந்த மாதிரி 'சரி' அது. இதற்கு முன்னாலும் அவள் இப்படித்தான் சொன்னாளா என்று ஞாபகப்படுத்திப் பார்க்கிறேன். தெரியவில்லை.

மணி என்ன? பதினொன்றரையா? இப்போது இறங்கித் திரும்பினால் இரண்டரை, மூன்றுக்குப் போய்விடலாம். போனால் இந்த மனு போச்சு. வியாழக்கிழமைக்குள் எனக்கு மறுபடி லீவு கிடைக்காது, ஆள் மாற்றிவிட்டு வந்திருக்கிறேன். நேரே சென்னை போனால் அந்த காலேஜ் இடம் போச்சு. இங்கே ஒரு டாக்டர், அங்கே மூன்று வருஷம் கணக்கு. கணக்குப் படித்து என்ன ஆவது சார்? நீங்களே சொல்லுங்கள்.

என்ன? இறங்கச் சொல்கிறீர்களா?

மனுவை முழுசாகப் படித்துவிட்டுச் சொல்லுங்களேன். மூன்றாம் பக்கம் மட்டுமாவது.

இல்லை, சரி. புரிகிறது. தலையை ஆட்டாதீர்கள், புரிகிறது.

கண்டக்டர்! கண்டக்டர் தம்பி! கொஞ்சம் நிறுத்தணுமே... இல்லப்பா, மேல்மருவத்தூர் வரைக்கும் ஆகாது, அவசரம்... தெரியும், டிக்கெட் மெட்ராசுக்குத்தான் எடுத்தேன், மிச்சமெல்லாம் வேணாம்...

டோல்கேட்டில் டிரைவர் ஸ்லோ பண்ணுவாராம், குதித்துக்கொள்ளச் சொல்கிறார். "அந்தப் பக்கம் தாண்டி நின்னு கை காட்டுங்கண்ணே, திண்டிவனம் வண்டி ஏத்திப்பான்" என்கிறார். ஏற்றினால் சரி.

சார், ஒரு உதவி. நீங்கள் சென்னைக்குத்தானே? ஒரிஜினலை நான் எடுத்துக்கொள்கிறேன், இந்தப் பச்சை ஃபைல் எனக்கு. இந்தக் கவரில் இருப்பது மனுவும் ஜெராக்ஸும்தான். விலாசம் மேலேயே எழுதியிருக்கிறேன். வழியில் உங்களுக்கு அந்தப் பக்கம் போகிற வேலை இருந்தால்... இல்லாவிட்டாலும். அவள் கணக்கில் சேர்ந்தால் சேரட்டும் சார், ஒரு வருஷம் அங்கே இருந்துகொண்டே மறுபடியும் நீட் எழுதலாம், சட்டத்தில் இடம் இருக்கிறது, நான் விசாரித்தேன். இப்போது அவளிடம் சொல்ல மாட்டேன். சேர்ந்து ஒரு மாதம் போகட்டும்.

வாங்கிக்கொள்ளுங்கள், கை வலிக்கிறது.

கவுன்ட்டரில் கொடுத்து சீல் வாங்குங்கள். வாங்க மாட்டேன் என்றால் சண்டை போடாதீர்கள், மரியாதையாகவே சொல்லுங்கள். உள்ளேயே விடவில்லை என்றால் வாசலில் வாட்ச்மேன் இருப்பான். பகல் ஆளிடம் வேண்டாம் சார், எங்கேயாவது வைத்துவிடுவான். கொஞ்சம் இருந்து, ராத்திரி டூட்டிக்கு வருகிறவனிடம் கொடுங்கள். அவனாவது நாலு பக்கத்தையும் முழுசாகப் படிப்பான்.